இயேசு என்ன மதம்? ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லத் திணறுகிறேன்

மேட்டுத்தெருக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். படித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான், இங்கே எழுதுவது அபூர்வம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் "அப்பா, இயேசு என்ன மதம்?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று "கிறிஸ்டியன்தாம்மா" என்றேன். "அப்போ அவர் எந்த சர்ச்சுக்குப் போனார்?" என்று அடுத்ததைப் போட்டாள். சர்ச் எல்லாம் அவருக்குப் பிறகுதானே வந்தது என்று சொன்னேன், சொல்லும்போதே நான் மாட்டிக்கொண்டது எனக்கே தெரிந்துவிட்டது. அவள் விடவில்லை. சண்டே ஸ்கூலில் லூக்கா 4-ஆம் அதிகாரம் படித்திருக்கிறார்கள், அதில் அவர் ஓய்வுநாளில் "தம்முடைய வழக்கத்தின்படியே" ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று இருக்கிறதாம். வழக்கம் என்றால் வாராவாரம் போனார் என்றுதானே அர்த்தம், அது யூதர்களுடைய கோயில்தானே, அப்போ அவர் யூதர்தானே, பிறகு ஏன் பெரிய வெள்ளி அன்றைக்குப் பிரசங்கத்தில் "யூதர்கள் நம் ஆண்டவரைக் கொன்றார்கள்" என்று சொன்னார்கள், அவரே யூதர் என்றால் யார் யாரைக் கொன்றது?

பெட்ரோல் போட்டுவிட்டுப் பேசலாம் என்று அப்போதைக்குத் தப்பித்தேன்.

வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில். என் மச்சான் "அவர் கலிலேயர், அசல் யூதர் கிடையாது" என்கிறார். சித்தப்பா வாட்ஸ்அப்பில் இயேசு தமிழர் என்று ஒரு பெரிய கட்டுரையை அனுப்பி வைத்திருக்கிறார். என் மனைவி "தேவனுடைய குமாரனுக்கு என்ன சாதி மதம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நான் பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறவன், இதை ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையிடம் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏட்டுக்காரி:

தம்பி, உங்கள் மகள் சொன்னதுதான் சரி. அவர் யூதர். யூதராகப் பிறந்தார், யூதராக வளர்ந்தார், யூதராகவே செத்தார். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டையே கிடையாது, கடவுள் நம்பிக்கை இருக்கிறவர், இல்லாதவர், யூத அறிஞர் என்று யாரைக் கேட்டாலும் இந்த ஒன்றில் ஒத்துப்போவார்கள்.

வெளியே எங்கும் தேட வேண்டாம், வீட்டில் இருக்கிற பைபிளையே எடுங்கள். லூக்கா 2-ஆம் அதிகாரம். எட்டாம் நாள் விருத்தசேதனம், அன்றைக்குத்தான் பெயர் வைக்கிறார்கள். அப்புறம் தாயின் சுத்திகரிப்பு நாட்கள் முடிந்து எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஒரு ஜோடி காட்டுப்புறாவோ இரண்டு புறாக்குஞ்சோ பலி கொடுக்கிறார்கள். லேவியராகமம் 12-இல் பிள்ளை பெற்றவள் ஒரு ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வக்கில்லாதவள் இரண்டு புறா கொண்டுவந்தால் போதும் என்று இருக்கிறது. ஆக, அது சட்டத்தை அட்சரம் பிசகாமல் செய்த ஒரு ஏழை யூதக் குடும்பம். பன்னிரண்டு வயதில் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போனது, வளர்ந்த பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை அங்கே போனது, கடைசி இராப்போஜனம், எல்லாம் அந்த வழியில்தான்.

பெயரையே பாருங்கள். அவர் அம்மா கூப்பிட்டிருக்கக்கூடிய பெயர் யேசுவா. யெகோசுவா என்பதன் சுருக்கம், அதாவது மோசேக்குப் பின்னால் வந்தாரே யோசுவா, அதே பெயர். கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்துதான். தமிழில் ஒருவர் யோசுவா ஆகிவிட்டார், இன்னொருவர் இயேசு ஆகிவிட்டார், அதனால் நமக்கு உறவே தெரியாமல் போய்விட்டது. அம்மா பெயர் மிரியாம், மோசேயின் அக்கா பெயர். ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவருடைய தம்பி பெயர் நம் பைபிளில் யாக்கோபு என்றே இருக்கிறது. இங்கிலீஷ்காரன் அதை ஜேம்ஸ் ஆக்கி வைத்திருக்கிறான், ஜேக்கப்தான் ஜேம்ஸ் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த ஒன்று, பிள்ளைக்குக் காட்டுங்கள். மத்தேயு 9:20-இல் பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு இருந்த பெண் பின்னால் வந்து "அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தை" தொடுகிறாள். ஓரம் என்றதும் வேட்டிக் கரை மாதிரி ஏதோ நினைத்துக்கொண்டு போய்விடுகிறோம். அதே மத்தேயு 23:5-க்கு வாருங்கள், பரிசேயர் (சட்டத்தில் கறாராக இருந்த யூதப் பிரிவினர்) தங்கள் வஸ்திரங்களின் "தொங்கல்களை" பெரிதாக்குகிறார்கள் என்று கண்டிக்கிறார். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். தமிழில் ஒன்று ஓரம், ஒன்று தொங்கல் ஆகிவிட்டது. எண்ணாகமம் 15-இல், ஆடையின் முனைகளில் நூல் குஞ்சம் கட்டு, அதில் ஒரு நீல இழை வை, அதைப் பார்க்கும்போது கட்டளைகள் ஞாபகம் வரட்டும் என்று இஸ்ரவேலருக்குச் சொல்லியிருக்கிறது. இயேசு அந்தக் குஞ்சம் கட்டிக்கொண்டுதான் நடந்தார். பரிசேயரைத் திட்டியதும் அதைப் படம் காட்டுவதற்காக நீளமாக்கியதற்குத்தான், கட்டியதற்காக இல்லை. அந்தப் பெண் தொட்டது அதைத்தான்.

சும்மா ஒரு ஆள்:

நான் நாத்திகன், எனக்கு இதில் பங்கு பாத்தியதை ஒன்றும் கிடையாது, ஒரு சந்தேகம் மட்டும். யூதர் என்பது தாய்வழியா தகப்பன் வழியா? தகப்பன் கடவுள் என்றால் கணக்கு எப்படி வரும்? அப்புறம் மச்சான் சொன்னதும் அப்படி ஒன்றும் தப்பில்லையே, பைபிளிலேயே "புறஜாதியாரின் கலிலேயா" என்று இருக்கிறதாமே.

கல்வெட்டுப் பைத்தியம்:

தாய்வழி என்கிற விதி எழுத்தில் வருவது மிஷ்னா என்கிற யூதச் சட்டத் தொகுப்பில், அது தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில். அதற்கு முன்னால் பைபிள் வம்சாவளிகள் எல்லாம் தகப்பன் வழிதான், சட்டப்படி தகப்பன் யோசேப்பு. எந்தக் கணக்கில் போட்டாலும் விடை ஒன்றுதான். மரியாளின் உறவுக்காரி எலிசபெத்து ஆரோன் வம்சத்துப் பெண் என்று லூக்கா சொல்கிறார், ஆக தாய் வீட்டுப் பக்கம் ஆசாரியக் குடும்பத்தில் சம்பந்தம் இருந்திருக்கிறது.

கலிலேயா விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள், இது என் பேட்டை.

"புறஜாதியாரின் கலிலேயா" என்பது ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன தொடர், மத்தேயு அதை எடுத்துக் காட்டுகிறார். ஏசாயா காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, அசீரியர்கள் வந்து அந்த வட்டாரத்தையே காலி பண்ணிய காலம். அப்புறம் பல நூறு வருஷம் அங்கே ஊர்கள் குறைவு. கி.மு. 100-ஐ ஒட்டி எருசலேமிலிருந்து ஆண்ட அஸ்மோனிய யூத அரசர்கள் அதைப் பிடித்தார்கள், அதன் பிறகு தெற்கேயிருந்து யூதக் குடும்பங்கள் வந்து குடியேறின. தோண்டிப் பார்த்தால் அந்தக் கால அடுக்கிலிருந்து அஸ்மோனிய நாணயங்கள் கிடைக்கின்றன, வீட்டுக்குள் படி இறங்கி முழுகும் தீட்டுக் குளங்கள் கிடைக்கின்றன, குப்பையில் பன்றி எலும்பு மிக மிகக் குறைவு. நாசரேத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடையில் இருக்கிற செப்போரிஸ் நகரத்திலேயே முதல் நூற்றாண்டில் இதுதான் நிலைமை.

கானாவூர் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? "யூதர்கள் தங்களைச் சுத்திகரிக்கும் முறைமையின்படியே" அங்கே ஆறு கற்சாடிகள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். ஏன் கல்லில் சாடி? மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துப் போட வேண்டும், கல்லுக்குத் தீட்டு ஒட்டாது. அதனால் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து குவளை, கிண்ணம், சாடி என்று செய்து வைத்துக்கொண்டார்கள், யூதர்கள் இருந்த ஊர்களில்தான் இது இவ்வளவு கிடைக்கும். 2017-இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னா என்ற ஊரில் அந்தக் கற்பாத்திரம் செய்த பட்டறையையே கண்டுபிடித்தார்கள், குகை மாதிரி ஒரு கல்குழி, தரையில் குடைந்தெடுத்த கல் முளைகளும் உடைந்த குவளைகளும் அப்படியே கிடந்தன. கலிலேயாக் கடல் ஓரத்தில் மக்தலாவில் (மகதலேனா மரியாளின் ஊர்தான்) 2009-இல் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நடுவில் கிடந்த கல்லில் ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கியிருக்கிறது, எருசலேம் ஆலயம் இடிவதற்கு முன்னால், அந்த விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்த காலத்தில் செதுக்கியது.

மச்சானிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், கோபப்படாமல். "கலிலேயர், யூதர் இல்லை" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, நல்ல வரலாறு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இனவாதம் பேசியவர்கள் கிளப்பிய பேச்சு அது. 1939-இல் ஜெர்மனியில் ஐசனாக் நகரத்தில் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்களே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள், சபை வாழ்க்கையிலிருந்து யூதச் செல்வாக்கை ஒழிப்பதற்கென்றே. வால்டர் குருண்ட்மான் என்ற இறையியல் பேராசிரியர்தான் அதன் மூளை. இயேசு யூதர் அல்ல, கலிலேயர் வேறு இனம் என்று புத்தகமே எழுதினார். யூத வாடையை நீக்கிய ஒரு புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள், பாட்டுப் புத்தகத்திலிருந்து அல்லேலூயா, சீயோன் மாதிரி எபிரெயச் சொற்களை உருவி எடுத்தார்கள். அல்லேலூயா இல்லாத சபையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகும் அந்த ஆள் கிழக்கு ஜெர்மனியில் நிம்மதியாக வேதாகம உரைகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தனி வயிற்றெரிச்சல்.

விசுவாசி77:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சகோதரரே, இந்த மாதிரி விவாதங்கள் பிள்ளையின் விசுவாசத்தைக் குழப்பும். மாம்சத்தின்படி யூதர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அவர் நியாயப்பிரமாணத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார், ஓய்வுநாளை மீறினார், எல்லா போஜனமும் சுத்தம் என்றார், பரிசேயரை விரியன்பாம்புக் குட்டிகளே என்றார். அவர் யூத மதத்தை எதிர்க்க வந்தவர். இப்படியே போனால் நாளைக்கு நாமும் சனிக்கிழமை ஆசரிக்க வேண்டும், பன்றி தின்னக் கூடாது என்று கிளம்புவீர்கள். ஏற்கனவே எங்கள் ஊரில் ஒரு கூட்டம் அப்படித்தான் போயிற்று.

பழைய ஏட்டுக்காரி:

விசுவாசி தம்பி, உங்கள் பயம் புரிகிறது. சனிக்கிழமை ஆசரிக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி, நாம் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பினால்தான் வம்பு.

"அழிக்கிறதற்கு வந்தேன் என்று எண்ணிக்கொள்ளாதேயுங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் அவரே சொல்லிவிட்டார், அதற்கு மேல் நான் என்ன சொல்ல. போஜன விஷயத்துக்கு வருவோம். அவர் உயிர்த்தெழுந்து கொஞ்ச காலம் கழித்து யோப்பா பட்டணத்தில் பேதுரு மொட்டைமாடியில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார், வானத்திலிருந்து ஒரு துப்பட்டி நிறைய மிருகங்கள் இறங்குகின்றன, அடித்துச் சாப்பிடு என்று குரல் வருகிறது. பேதுரு என்ன சொன்னார்? தீட்டான எதையும் நான் ஒருக்காலும் புசித்ததில்லை என்றார். கூடவே மூன்று வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்ட ஆள்! இயேசு பன்றிக்கறி சாப்பிட்டுக் காட்டியிருந்தால் பேதுருவுக்கு இந்த வாய் வருமா?

பரிசேயரோடு போட்ட சண்டையை நாம் வேறு மதக்காரனோடு போட்ட சண்டையாகப் படிக்கிறோம். அது பங்காளிச் சண்டை. ஒரே சொத்துக்கு வாரிசான இரண்டு பேர், தாத்தா உயிலில் என்ன எழுதியிருக்கிறார் என்று அடித்துக்கொள்கிற மாதிரி. வெளியாளுக்கு அந்த உயிலைப் பற்றி என்ன கவலை? ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று அவர் சொன்னார், அதற்கு நேரே ஒத்த வாக்கியம் ரபிமாரின் (யூத மத ஆசிரியர்களின்) நூல்களிலும் இருக்கிறது: ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று. மனைவியைத் தள்ளிவிடலாமா என்று மத்தேயு 19-இல் வந்து கேட்கிறார்களே, அது அன்றைக்கு இல்லேல், சம்மாய் என்ற இரண்டு யூத ஆசிரியர்களின் பள்ளிகள் மோதிக்கொண்டிருந்த கேள்வி. சமையலைக் கெடுத்தாலே போதும் என்பது இல்லேல் பக்கம், ஒழுக்கக்கேடு இருந்தால்தான் என்பது சம்மாய் பக்கம். இயேசு அதில் சம்மாய் பக்கம் சாய்ந்தார், இன்னும் கடுமையாகவே. வேறு இடங்களில் இல்லேல் வாடை அடிக்கும். உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே, தோரா (மோசேயின் சட்டம்) முழுவதும் அதுதான், மற்றதெல்லாம் விளக்கவுரை என்று இல்லேல் சொன்னதாக ரபிமாரின் பெரிய தொகுப்பான தால்மூதில் ஒரு கதை உண்டு, மத்தேயு 7:12-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரதான கற்பனை எது என்று ஒரு வேதபாரகன் கேட்டபோது அவர் எடுத்துச் சொன்னது "இஸ்ரவேலே கேள்" என்று ஆரம்பிக்கிற வசனம். இன்றைக்கும் பக்தியுள்ள யூதர்கள் காலையிலும் இரவிலும் சொல்வது அதுதான், சாகும்போதும் அதைச் சொல்லிக்கொண்டே சாக விரும்புவார்கள்.

கிறிஸ்தவர் என்கிற பெயரே அவர் போன பிறகு அந்தியோகியாவில் வந்தது, அப்போஸ்தலர் 11-இல் பாருங்கள். ஆரம்பத்தில் பேதுருவும் யோவானும் ஜெபவேளைக்கு எருசலேம் ஆலயத்துக்குத்தான் போனார்கள். தம்பி யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராகக் கடைசி வரை அங்கேயே இருந்தார், கி.பி. 62-இல் பிரதான ஆசாரியன் ஒருவன் அவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தபோது சட்டத்தில் கறாராக இருந்தவர்களே அதை எதிர்த்தார்கள் என்று அந்த நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். யூதரல்லாதவர் சேரும்போது விருத்தசேதனம் வேண்டுமா என்று அப்போஸ்தலர் 15-இல் கூட்டம் போட்டுப் பேசினார்கள் இல்லையா, யோசித்துப் பாருங்கள், அது ஒரு யூத இயக்கம் என்பதால்தான் அந்தக் கேள்வியே வந்தது. வேண்டாம் என்று முடிவானதால் நாம் உள்ளே வந்தோம், உங்கள் சனிக்கிழமைக் கவலைக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

பிரிந்தது ஒரே நாளில் நடந்ததும் இல்லை. கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது, 132 முதல் 135 வரை ரோமை எதிர்த்து யூதர்கள் நடத்திய பார் கோக்பா போர், 325-இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்கள் ஈஸ்டர் தேதியை யூதர்களின் பஸ்கா கணக்கிலிருந்து பிரித்தார்கள். அதற்கும் பிறகு 386, 387-இல் அதே அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பேர்பெற்ற குருவானவர் பிரசங்க மேடையில் நின்று, பண்டிகை என்றால் ஏன் ஜெப ஆலயத்துக்கு ஓடுகிறீர்கள் என்று தன் சபையாரையே திட்டித் தீர்க்கிறார். முந்நூற்றைம்பது வருஷம் ஆன பிறகும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்! (அந்தப் பிரசங்கங்களில் யூதர்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு படிக்கவே கூசும், அது வேறு.)

மரைக்காயர் வீடு:

அஸ்ஸலாமு அலைக்கும். குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் பக்கத்திலும் ஈசா நபி இஸ்ரவேலருக்கு அனுப்பப்பட்ட தூதர்தான். "இஸ்ராயீலின் சந்ததியினரே" என்று அவர் அவர்களைக் கூப்பிட்டு, தவ்ராத்தை (தோராவை) உண்மைப்படுத்துகிறவனாக வந்திருக்கிறேன் என்று சொல்வதாக 61-ஆம் சூராவில் இருக்கிறது. சிலுவை விஷயத்திலும் குமாரன் விஷயத்திலும் நமக்குள் வேறுபாடு உண்டு, அதை இங்கே இழுக்கவில்லை. மேட்டுத்தெரு அண்ணன் மகளுக்கு என் சலாம் சொல்லுங்கள், கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை.

கோயில்மணி:

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, பிள்ளை முக்கியமாகக் கேட்டது அதைத்தானே. நான் கத்தோலிக்கன், சின்ன வயதில் பீடப்பையனாக இருந்தவன்.

சிலுவை ரோமர்களின் தண்டனை. யூதச் சட்டப்படி கொல்வதென்றால் பெரும்பாலும் கல்லெறிதான், ஸ்தேவானுக்கும் யாக்கோபுக்கும் நடந்த மாதிரி. சிலுவையில் அறைய உத்தரவு போட்டவன் பொந்தி பிலாத்து, கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. இயேசு பிறந்ததை ஒட்டிய காலத்தில், கி.மு. 4-இல், ஏரோது செத்ததும் ஒரு கலகம் வந்தது, சிரியாவிலிருந்து படையோடு வந்த வாருஸ் என்ற ஆளுநர் 2,000 யூதர்களைச் சிலுவையில் அறைந்தான் என்று யோசேப்பஸ் சொல்கிறார். மேலே கல்வெட்டு அண்ணன் சொன்ன செப்போரிஸ், அந்தக் கலகத்தில்தான் எரிந்தது. ஆக, நாசரேத்துப் பெரியவர்களுக்குச் சிலுவை என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும், பக்கத்து ஊர்க் கதை அது.

ஆலயத் தலைமையில் இருந்த பிரதான ஆசாரியன் காய்பாவும் அவன் ஆட்களும் பிடித்துக் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டாம். அந்தப் பதவியில் ஆளை வைப்பதும் எடுப்பதும் ரோமன் கையில் இருந்தது. ஒரு ஊர்த் தலைவர்கள் செய்ததற்கு, கடலுக்கு அப்பால் அலெக்சாந்திரியாவில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த யூதனுக்கு என்ன சம்பந்தம்? ஆயிரம் வருஷம் கழித்துப் பிறந்தவனுக்கு என்ன சம்பந்தம்? கீழே நின்று அழுத அம்மாவும் யூதப் பெண்தானே? யோவான் நற்செய்தியில் "யூதர்கள்" "யூதர்கள்" என்று வருவது பல இடங்களில் எருசலேம் அதிகாரக் கும்பலைத்தான் குறிக்கிறது. அதே யோவானில்தான், சமாரியப் பெண் கிணற்றடியில் அவரைப் பார்த்ததும் நீர் யூதனாயிருந்து என்னிடம் எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்கிறாள். பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்று அவர் பதில் சொல்வதும் அங்கேதான்.

எங்கள் சபையும் யோக்கியம் இல்லை. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று சொல்லி மன்றாடும் வழக்கம் பல நூற்றாண்டு இருந்தது, 1959-இல் 23-ஆம் யோவான் பாப்பரசர்தான் அந்தச் சொல்லை எடுக்க வைத்தார். 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம், பாடுகளின்போது நடந்ததை அன்றிருந்த எல்லா யூதர்கள் மேலும் இன்றிருக்கிற யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்று எழுத்தில் அறிவித்தது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் பல ஊர்களில் பெரிய வெள்ளி வந்தால் யூதத் தெருவில் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிற கூட்டம் கல்லோடு வரும்.

சிலுவையின் உச்சியில் ஐ.என்.ஆர்.ஐ என்று நாலு எழுத்து இருக்கும், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலேயே வருஷக் கணக்காக அதன் கீழே மணி அடித்திருக்கிறேன். லத்தீனில் "நசரேயனாகிய இயேசு, யூதருடைய ராஜா" என்பதன் முதலெழுத்துகள். எந்தக் கோயிலில் நின்று அந்தப் பிரசங்கம் செய்தாலும் தலைக்கு மேலேயே எழுதி மாட்டியிருக்கிறது.

ஓவியம் பார்க்கிற பழக்கம் இருந்தால் பிள்ளைக்கு மார்க் சகால் 1938-இல் வரைந்த வெள்ளைச் சிலுவைப் படத்தைத் தேடிக் காட்டுங்கள். சிலுவையில் தொங்குகிறவர் இடுப்பில் யூதர்கள் ஜெபத்துக்குப் போர்த்தும் சால்வை, சுற்றிலும் ஜெப ஆலயம் எரிகிறது, ஜனங்கள் மூட்டையோடு ஓடுகிறார்கள். வரைந்தவரும் யூதர்.

சும்மா ஒரு ஆள்:

எல்லாம் சரி, அந்தத் தமிழர் வாட்ஸ்அப் என்ன ஆயிற்று? "அப்பா" என்று கடவுளைக் கூப்பிட்டார், அது தமிழ்தானே என்று எனக்கும் வந்தது.

கல்வெட்டுப் பைத்தியம்:

எதிர்பார்த்தேன் 😄 கெத்செமனே தோட்டத்தில் அவர் "அப்பா" என்றது உண்மை, மாற்கு 14-இல் அந்த ஒலியை அப்படியே விட்டிருக்கிறார். அது அரமேய மொழி. எபிரெயத்தில் ஆவ், அரபியில் அபு, எல்லாம் ஒரே குடும்பம். மரைக்காயர் அண்ணனைக் கேளுங்கள், அபுபக்கரில் இருக்கிற அபு அது. தமிழ் அப்பாவோடு காதுக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். உலகத்தில் பாதி மொழியில் குழந்தை வாயில் ப-வும் ம-வும்தான் முதலில் வரும். தலீத்தாகூமி, எப்பத்தா என்று இன்னும் சில அரமேயச் சொற்களை மாற்கு விட்டு வைத்திருக்கிறார், அதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்வார்களாம்?

தமிழுக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று வேண்டுமென்றால் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைப் பிடியுங்கள். எபிரெயத்தில் துக்கி என்று வருகிற அந்தச் சொல் தோகையிலிருந்து போனது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். மயில் நம்முடையதாக இருக்கட்டும், இயேசுவை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

மேட்டுத்தெருக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஏட்டுக்காரி அக்காவுக்கு. நேற்று ராத்திரி சாப்பிட்டதும் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு ஓரம், தொங்கல் இரண்டு வசனத்தையும் அவளிடம் காட்டினேன். புறாக்குஞ்சு கதைக்கு அவள் அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டாள். மச்சானுக்கு ஜெர்மனிக் கதையை அனுப்பினேன், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு சண்டே ஸ்கூலில் கலர் அடித்துக்கொண்டு வரச் சொல்லிக் கொடுத்த தாளில் அந்த உதிரப்போக்குப் பெண் படம்தான். இயேசு நீளமான வெள்ளை அங்கியில் இருக்கிறார், குஞ்சம் கிஞ்சம் ஒன்றும் கிடையாது. இவள் பேனாவால் கீழே நாலு குஞ்சம் வரைந்து, பெண்ணின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றை நீளமாகவும் இழுத்துவிட்டாள். இப்போது அதில் வருகிற நீலம் எந்த நீலம் என்று கேட்கிறாள், கிரேயான் டப்பாவில் மூன்று இருக்கிறதாம்.

பழைய ஏட்டுக்காரி:

தம்பி, நம் பைபிளில் இளநீலம் என்று போட்டிருக்கிறது. மூலத்தில் தெகேலெத். மத்தியதரைக் கடலில் கிடைக்கிற ஒரு சங்குப் பூச்சியின் சாயம் அது, வானநீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் எங்கேயோ வரும், ராஜாக்கள் உடுத்துகிற அளவுக்கு விலை. பிற்காலத்தில் அந்தச் சாயம் எடுக்கும் கலையே மறந்துபோய், இன்றைக்கும் பெரும்பாலான யூதர்கள் வெறும் வெள்ளைக் குஞ்சம்தான் கட்டுகிறார்கள். நீலம் கிடைக்காவிட்டால் வெள்ளை மட்டும் போதும் என்று மிஷ்னாவிலேயே இருக்கிறது, புறா வாங்கவே யோசித்த வீட்டில் எது இருந்ததோ. மூன்றில் நடுவில் இருக்கிற நீலத்தை எடுக்கச் சொல்லுங்கள்.